மெய்யுணர்வும் திருவாக்கும்



மார்கழித் திருவாதிரைப் பெருவிழாவில் மணிவாசகப் பெருமானுடைய திருவுருவத்தைக் கூத்தப்பெருமான் திருமுன்னர் எழுந்தருளச் செய்து, திருவெம்பாவை ஓதித் தீபாராதனை நிகழ்த்துதல் நாம் நாள்தோறும் கண்டு தொழும் காட்சியாகும். அவ்வமயம் அப்பெருமானுடைய திருக்கரங்களை உற்று நோக்குதல் வேண்டும். ஒரு கரத்தில் ஏடு இருக்கின்றது. மற்றொரு கரம் சின்முத்திரை காட்டுகின்றது. ஏடு எழுத்துக்கு அடையாளம். சின்முத்திரை எழுத்தில் அடங்காத உணர்வுக்கு அடையாளம். இவ்விரண்டையும் தாங்கி நிற்பது அவருடைய திருமேனி. எழுத்தும் உணர்வும் உடம்பின்கண் எங்ஙனம் கூடுகின்றன என்பதே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருளாகும்.

ஒரு பாட்டு எங்கிருந்து பிறக்கின்றது? கற்ற கல்வியிலிருந்து பிறக்கின்றது என்பார் சிலர். கற்பனையிலிருந்து பிறக்கின்றது என்பார் சிலர். நம் சைவப் பெரியோர் வரலாறுகளை ஊன்றிப் பார்ப்பின் வேறொரு விடை கிடைக்கின்றது. பொருள் திருவருளால் உள்ளத்தே தோன்றுகின்றது. உடம்பு அதனை முதலில் அறிகின்றது. சொல் அதன் பின்னரே வருகின்றது. ஆதலின், உடம்பு அறியாத சொல்லை உரைப்பதும் எழுதுவதும் இறைவன் திருமுன்னர் வெறுங்கையை நீட்டுவதாகவே முடியும். இதனைச் சிறிது விரித்துக் காண்போம்.

மெய் என்னும் சொல்

தமிழில் மெய் என்னும் சொல்லுக்கு உண்மை என்பதும் பொருள். உடம்பு என்பதும் பொருள். எழுத்துகளுள் ஒருவகைக்கும் அதுவே பெயர். க், ங், ச் என வரும் பதினெட்டும் மெய்யெழுத்துகள். அவை தாமே இயங்கமாட்டா. அகரம் முதலிய உயிர் வந்து கூடியவிடத்தே இயங்கும். அக்கூட்டத்திற்கு உயிர்மெய் என்று பெயரிட்டார்கள் நம் முன்னோர். எழுத்துக்குப் பெயரிட்டபோதே, உயிரும் உடம்பும் கூடியல்லது பேச்சு இல்லை என்னும் உண்மையையும் நமக்கு வைத்துச் சென்றனர். அகரவுயிர் ஏனை எழுத்துகளில் நிறைந்திருப்பதுபோல இறைவன் எவ்விடத்தும் நிறைந்து நிற்கின்றான் என்று திருவருட்பயனைத் தொடங்குகின்றார் உமாபதி சிவாசாரியார்.

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என ஓர் இயலே வகுத்தார். கொப்பூழிலிருந்து எழுகின்ற காற்று தலையிலும் கழுத்திலும் நெஞ்சிலும் தங்கி, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றைப் பொருந்தி வெவ்வேறு எழுத்தாகின்றது என்பது அவர் கண்ட முறை. ஓர் எழுத்துப் பிறப்பதற்கே இத்தனை உறுப்புகள் உழைக்கின்றன. பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என மற்றோர் இயலை வகுத்தார். சிரிப்பும் அழுகையும், அச்சமும் வியப்பும், இழிவும் பெருமிதமும், சினமும் மகிழ்வும் ஆகிய எட்டும் உள்ளத்தில் தோன்றி உடம்பின்கண் வெளிப்படுதலின் மெய்ப்பாடு எனப்பட்டன. மயிர் சிலிர்த்தல், கண்ணீர் வார்தல், நடுங்குதல், வியர்த்தல், குரல் தழுதழுத்தல் முதலியவற்றை விறல் என்பர் உரையாசிரியர்கள். இவை நாம் ஏவி வருவன அல்ல என்பது கருதத்தக்கது. கையை உயர்த்து என்றால் கை உயரும். மயிரே சிலிர்ப்பாய் என்றால் மயிர் சிலிர்ப்பதில்லை. நம் ஏவலுக்கு அடங்காமையினாலேயே அவை நம்பத்தக்க சான்றாகின்றன.

சைவ சித்தாந்தமும் இதற்கு இடமளிக்கின்றது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவையிலக்கணத்தில் காட்சியை நான்காகப் பகுக்கின்றார். பொறிகளால் அறிவது வாயிற்காட்சி. மனத்தால் அறிவது மானதக் காட்சி. இன்பதுன்பங்களைத் தன்னளவில் உணர்வது தன்வேதனைக் காட்சி. யோகத்தால் எய்துவது யோகக் காட்சி. இன்ப துன்ப உணர்வும் ஓர் அளவையாக எண்ணப்பட்டிருத்தலை நாம் மறத்தல் கூடாது. அதே வேளையில், ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே அளவையாகும் என்னும் வரையறையும் உடன் நிற்கின்றது. இவ்வரையறையின் இன்றியமையாமையைப் பின்னர்க் காண்போம்.

வாக்கு நான்கு

சொல் வருமுன் உள்ளே இருப்பது யாது? இதற்குச் சித்தாந்த நூல்கள் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என வாக்கினை நான்காக வகுத்து விடை தருகின்றன. பிறர் செவியில் விழுமாறு வெளிப்படுவது வைகரி. வாய் திறவாமல் மனத்துக்குள்ளே சொற்கள் ஒழுங்காக நிற்பது மத்திமை. அதற்கும் உள்ளே, சொற்கள் தனித்தனியே பிரியாமல் ஒன்றாய் அடங்கியிருப்பது பைசந்தி. அதற்கும் அப்பால் நாத வடிவாய் நுண்ணிதாய் நிற்பது சூக்குமை.

பைசந்திக்குச் சித்தியார் காட்டும் உவமை மிக அழகியது. மயிலின் முட்டையை உடைத்துப் பார்த்தால் உள்ளே நீர்தான் இருக்கின்றது. நீலமும் பச்சையும் பொன்னிறமும் அங்கே தோன்றவில்லை. எனினும் தோகையின் நிறங்கள் அனைத்தும் அந்நீரில் அடங்கியுள்ளன. அதுபோல, சொல்லப்போவது முழுவதும் உள்ளே இருக்கின்றது. சொல் மட்டும் இன்னும் பிரியவில்லை.

அன்பர்கள் தம் வாழ்க்கையிலேயே இதனை உணரலாம். தாய் இறந்த வீட்டுக்குச் சென்றவன் வாயில் சொல் வருவதில்லை. தொண்டை அடைக்கின்றது, மார்பு கனக்கின்றது. சொல்ல வேண்டியது யாது என்று மார்பு அறிந்திருக்கின்றது; நாவே அறியாமல் தவிக்கின்றது. அந்நிலையில் அவசரப்பட்டு வாயில் வந்ததைச் சொன்னால், சொன்னவனுக்கே அது பொய்யாகத் தோன்றும். சற்றே பொறுத்து உரிய சொல் வந்துவிட்டால் மார்பின் கனம் குறைகின்றது, கண்ணீர் பெருகுகின்றது. உரிய சொல் வந்தது என்பதை அறிவித்தது எது? அகராதியா? இலக்கணமா? இரண்டும் அல்ல, உடம்பே அறிவித்தது. பாடுவார்க்கும் எழுதுவார்க்கும் நிகழ்வது இதுவே.

ஊமைப் பிள்ளை தேர்ந்த உரை

இக்கருத்துக்கு மதுரையில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் வரலாறு ஒன்று சிறந்த சான்றாகும். இறையனார் களவியல் உரையின் முகப்பில் இது சொல்லப்படுகின்றது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் பஞ்சம் நிலவிற்று. பஞ்சம் நீங்கிய பின்னர் மன்னன் புலவர்களை அழைத்தபோது எழுத்தும் சொல்லும் வல்லார் கிடைத்தனர். பொருளதிகாரம் வல்லார் கிடைத்திலர். மன்னன் வருந்தினான். ஆலவாய்ப் பெருமான் அறுபது சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதித் தம் பீடத்தின் கீழ் இட்டருளினார். புலவர் பலரும் அதற்கு உரை கண்டனர். எவ்வுரை மெய்யுரை என்பதில் முடிவு ஏற்படவில்லை.

அப்போது, உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்தாண்டுப் பிள்ளையை இருத்தி உரைகளை வாசிக்குமாறு திருவருள் பணித்தது. அப்பிள்ளை பேசாத பிள்ளை. முருகப்பெருமானே அவ்வுருவில் வந்தார் என்பது வரலாறு. வெண்துகில் உடுத்தி, வெண்பூச்சூட்டி, உயர்ந்த இருக்கையில் அமர்த்தி, புலவர் ஒவ்வொருவராக உரை வாசித்தனர். பிள்ளை வாளா இருந்தது. மருதன் இளநாகனார் உரையைக் கேட்கும்போது சிற்சில இடங்களில் கண்ணீர் வார்ந்து மயிர் சிலிர்த்தது. நக்கீரனார் உரையைக் கேட்கும்போதோ சொல்தோறும் கண்ணீர் வார்ந்தது; சொல்தோறும் மயிர் சிலிர்த்தது. அதுவே மெய்யுரை என்று அனைவரும் தெளிந்தனர்.

இறைவன் நினைந்திருந்தால் அப்பிள்ளைக்குப் பேச்சைத் தந்து, இவ்வுரையே சிறந்தது என்று சொல்லச் செய்திருக்கலாம். அங்ஙனம் செய்யவில்லை. சொல்லில் வல்ல புலவர்களுடைய வழக்கைச் சொல்லே இல்லாத ஓர் உடம்பு தீர்த்துவைத்தது. ஏனெனில் சொல்லால் வாதிட்டால் எதிர்ச்சொல் பிறக்கும். கண்ணீருக்கு எதிர்ச்சொல் இல்லை. கண்ணாலும் செவியாலும் நுண்ணிதாக உணர வல்லார்க்கன்றி மெய்ப்பாட்டை அறிதல் அரிது என்று தொல்காப்பியர் கூறிய கருத்து இவ்விடத்தில் விளங்குகின்றது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. பிள்ளையின் மெய்ப்பாடு தீர்ப்பாயிற்றேயன்றி உரையாகவில்லை. உரையைக் கண்டவர் நக்கீரனார், பெரும்புலவர். உடம்பின் உணர்வு கல்விக்கு மாற்று ஆகாது; கல்வி ஈட்டியதை மெய்யென்று முத்திரையிடுவதே அதன் தொழில்.

நால்வர் திருமேனி

சமயக் குரவர் நால்வர் வரலாற்றிலும் திருவாக்குத் தோன்றிய முறை இவ்வாறே அமைந்துள்ளது.

சீகாழியில் மூன்று வயதுப் பிள்ளையார் குளக்கரையில் நின்று, நீரில் மூழ்கிய தந்தையாரைக் காணாமல் அழுதார். அம்மையார் ஞானப்பால் ஊட்டினார். பால் வழியும் வாயினராய், யார் தந்தார் என்று சினந்து வினவிய தந்தையார்க்கு விரலால் சுட்டிக்காட்டிப் பாடினார். அழுகை முந்திற்று, பால் பின் வந்தது, விரல் சுட்டிற்று, பாட்டு அதன் பின்னரே பிறந்தது.

திருநாவுக்கரசர் வரலாறு இன்னும் அழுத்தமானது. சமண நூல்களைக் கற்றுத் தருமசேனர் எனப் பெயர் பெற்று விளங்கியவரைச் சூலை நோய் பற்றியது. மந்திரமும் மருந்தும் பயன்படவில்லை. தமக்கையார் திலகவதியாரை அடைந்து, அவர் தந்த திருநீற்றை அணிந்து, திருவதிகை வீரட்டானத்துத் திருமுன்னர் வீழ்ந்து எழுந்து பாடினார். அம்முதற் பதிகத்தில் தத்துவ விரிவில்லை, வயிற்றுநோய் இருக்கின்றது. குடலைப் பற்றி முறுக்கும் வலியை மறைக்காமல் இறைவனிடம் எடுத்துரைக்கின்றார். தன்வேதனை என்று சித்தாந்தம் கூறிய காட்சி இங்கே திருப்பதிகமாயிற்று. பாடியவரை இறைவன் நாவுக்கரசு என்று அழைத்தருளினான். உடம்பின் ஓர் உறுப்பைக் கொண்டே அவருக்குத் திருப்பெயர் அமைந்தது.

அதன் பின்னர் அவரைச் சுண்ணாம்பு நீற்றறையில் ஏழு நாள்கள் அடைத்தார்கள். அங்கிருந்து அவர் பாடியது வெம்மையைப் பற்றி அன்று. வீணையின் இன்னொலியையும், மாலை நிலவையும், இளந்தென்றலையும், வண்டு முரலும் குளத்தையும் கூறி, இறைவன் திருவடி நிழலின் தண்மையை உணர்த்துகின்றார். செவியும் கண்ணும் மெய்யும் அத்தண்மையை உணர்ந்தமையால் வந்த சொற்கள் அவை. திருவங்கமாலை என்னும் பதிகத்திலோ தலை, கண், செவி, மூக்கு, வாய், நெஞ்சு, கை, கால் என உறுப்புகளை முறையே கொண்டு வழிபாட்டை வகுத்தருளினார். வலியால் பாடத் தொடங்கியவர், உறுப்புகள் அனைத்தையும் பாட்டினுள் கொண்டுவந்து நிறுத்தினார்.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்த சூளுறவைப் பிழைத்து எல்லை கடந்தபோது இரு கண்களையும் இழந்தார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றார். காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார். அவ்வழியில் அவர் பாடிய பதிகங்களில் வேண்டுதலும் உண்டு, தோழமையின் உரிமையால் எழுந்த ஊடலும் உண்டு. காணாத கண்ணின் வருத்தம் அவருடைய சொல்லைக் கூர்மையாக்கிற்று.

மணிவாசகப் பெருமானோ பாண்டியன் அமைச்சராய்க் கல்வியிலும் அரசியலிலும் தேர்ந்தவர். திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருநாதனைக் கண்டபோது அக்கல்வி முழுதும் உருகி வேறொன்றாயிற்று. 51 பகுதிகளை உடைய திருவாசகத்தில் உடல் நடுங்குதலும் கண்ணீர் சொரிதலும் நா தழுதழுத்தலும் திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன. திருச்சதகத்தின் முதற் பத்துக்கு மெய்யுணர்தல் என்று பெயர். மெய்ப்பொருளை உணர்தல் என்பது அதன் கருத்து. ஆயின் அப்பத்துத் தொடங்குவது உடம்பின் சிலிர்ப்பும் நடுக்கமும் கூறி. மெய்யை உணர்வதற்கு வாயில் மெய்யே என்பது இதனால் புலனாகின்றது.

அவருடைய வரலாற்றின் முடிவு இன்னும் வியக்கத்தக்கது. தில்லையில் இறைவன் அந்தணராய் வந்து, அவர் சொல்லச் சொல்லத் திருவாசகத்தையும் திருக்கோவையாரையும் தம் கையால் எழுதிக்கொண்டு மறைந்தார். தில்லைவாழ் அந்தணர்கள் நூலின் பொருள் யாது என வினவினர். பெருமான் உரை எழுதவில்லை. பதவுரையும் பொழிப்புரையும் சொல்லவில்லை. அவர்களைச் சிற்றம்பலத்துக்கு அழைத்துச் சென்று, கூத்தப்பெருமானைச் சுட்டி, இவரே பொருள் எனக் காட்டித் தாமும் உட்கலந்தார். சொல்லுக்கு அவர் எழுதிய உரை தம் உடம்பே.

போலி மெய்ப்பாடு

இவ்வளவும் கேட்ட அன்பர் சிலர், அங்ஙனமாயின் நடுங்குவோர் அனைவரும் அருள் பெற்றவரோ, அழுதுகொண்டு எழுதியன அனைத்தும் திருவாக்கோ என்று வினவக்கூடும். நேரிய வினாவே. ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே அளவை என்று முன்னர்க் கூறியது இதற்காகவே.

திருக்கோவலூரில் மெய்ப்பொருள் நாயனார் அரசு செய்தார். அவரை வெல்லமாட்டாத முத்தநாதன் உடம்பெங்கும் திருநீறு பூசி, சடை முடித்து, கையில் ஏட்டுச்சுவடி ஏந்தி வந்தான். அச்சுவடிக்குள் படைக்கலத்தை மறைத்திருந்தான். மேனியில் வேடம் இருந்தது; கையில் நூல் இருந்தது; இரண்டிற்கும் நடுவே மெய் இல்லை. ஆகமம் உரைப்பதாகச் சொல்லி நாயனாரைக் கொன்றான். நாயனார் அந்நிலையிலும் திருவேடத்துக்கு ஊறு நேராமல் தத்தனைத் தடுத்து அவனைக் காத்து அனுப்பினார். வேடத்தைப் போற்றியது நாயனாருடைய பெருமை. அதனால் முத்தநாதனுடைய பொய் மெய்யாகிவிடவில்லை.

ஆகவே மெய்ப்பாட்டைத் தேர்தற்குச் சில அடையாளங்களை உளத்திற் கொள்ளுதல் நலம். மெய்யான உணர்வு பிறர் பார்க்கின்றார் என்பதற்காக மிகுவதில்லை; தனிமையிலும் நிற்கும். அது தன்னைப் பெரிதாக்குவதில்லை. தன் சிறுமையைக் காட்டும். நால்வரும் உருகுமிடத்தெல்லாம் தம்மைத் தாழ்த்திக்கொண்டே உருகுகின்றனர். மேலும் அது வந்து போனபின் ஒழுக்கத்தை விட்டுச்செல்லும். சூலை நீங்கிய அப்பர் பெருமான் உழவாரப்படையைக் கையில் எடுத்தார். கண்ணீர் திருப்பணியாக மாறியது. அங்ஙனம் மாறாத கண்ணீர், நீரே.

ஏடும் கண்டமும்

எழுதிய பின்னரும் உடம்பின் தொழில் முடிவதில்லை. பனையோலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுதல் பெரும்பாலும் இல்லை. மெய்யும் உயிர்மெய்யும் ஏட்டில் ஒன்றுபோலவே தோன்றும். குறிலுக்கும் நெடிலுக்கும் உரிய கொம்பு வேறுபாடும் இல்லை. படிப்பவர் பொருளை உணர்ந்தே புள்ளியை மனத்தால் இட்டுக்கொள்ளுதல் வேண்டும். 1887-ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் உள்ளிட்ட பதிப்பாசிரியர்கள் அனைவரும் இவ்விடர்ப்பாட்டைக் கடந்தே நமக்கு நூல்களைத் தந்தனர். எழுதியவர் உணர்வைப் படிப்பவர் உணர்வு சென்று தொட்டாலன்றி ஏடு பேசாது.

தில்லையில் தேவார ஏடுகள் கறையானால் அரிக்கப்பட்டுக் கிடந்தமையையும், இராசராச மன்னரும் நம்பியாண்டார் நம்பியும் எஞ்சியவற்றை மீட்டமையையும் திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. ஏடு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியாரைக் கொண்டு பண்ணமைத்தனர் என்பது அப்புராணம் தரும் செய்தி. ஏட்டைக் கறையான் தின்றது. அவ்வம்மையாருடைய கண்டத்தில் இருந்த பண்ணை எதுவும் தின்னவில்லை.

கி.பி. 985 முதல் 1014 வரை அரசாண்ட இராசராசர், தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரர்களையும், அவர்களுடன் உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிப்பார் இருவரையும் சேர்த்து 50 பேரை நியமித்து நிவந்தம் அளித்ததைக் கல்வெட்டால் அறிகின்றோம். ஏட்டைப் பேழையில் வைத்துப் பூட்டினால் போதும் என்று அம்மன்னர் கருதவில்லை. கண்டங்களில் வைத்தார்.

நாம் செய்யத்தக்கது

அன்பர்களே, நம் ஊர்க் கோயில்களில் குடமுழுக்கு நிகழும்போதெல்லாம் மலர் வெளியிடுகின்றோம். தம் ஊர்ப் பெருமான்மீது பாடல் எழுதித் தருவோர் பலர். திருமுறை ஓதுவோரும் பலர். இருவர்க்கும் இப்பொருள் பயன்படுதல் வேண்டும்.

எழுத விரும்புவோர் ஏட்டை எடுக்கும் முன்னர்ச் சந்நிதியில் சென்று நிற்க. முன்னோர் பாடல்களிலிருந்து அடைமொழிகளை எடுத்து அடுக்குதல் எளிது. மோனையும் எதுகையும் அமைந்துவிடும். மலரிலும் இடம் கிடைக்கும். ஆனால் அப்பெருமான் திருமுன்னர் நின்றபோது உங்கள் மார்பில் உண்டான நெகிழ்ச்சி அதில் இருக்கின்றதா? இல்லையெனின் காத்திருங்கள். மயில்முட்டைக்குள் நிறம் பிரியும்வரை பறவை அடைகாக்கின்றது. நாம் ஏன் பதறவேண்டும்? எழுதிய பின்னர் வாய்விட்டு ஓதிப் பாருங்கள். எவ்விடத்தில் உங்கள் குரல் தானாகத் தளர்கின்றதோ அச்சொல் உங்களுடையது. எவ்விடத்தில் நாக்கு ஓடிக் கடந்துவிடுகின்றதோ அச்சொல் இரவல். இரவலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஓதுவோர் திருமுறையின் எண்ணிக்கையில் கருத்து வைக்காமல், நாள் ஒன்றுக்கு ஒரு பதிகமேனும் உடம்பு அறிய ஓதுக. பொருளைக் கற்றுக்கொண்டு ஓதுக. கல்லாத உருக்கம் நெடுநாள் நில்லாது. கண்ணீர் வரவில்லையே என்று வருந்தி அதனை வரவழைக்க முயலவும் வேண்டா. வருவதும் வாராததும் அருளின் செயல். வாயிலைத் திறந்து வைத்திருத்தல் மட்டுமே நம் கடமை.

உயிர் கூடாத மெய் இயங்காது. திருவருள் கூடாத உயிரும் இயங்காது. அருள் உயிரிலும், உயிர் மெய்யிலும், மெய் சொல்லிலும் நிறைந்து வருமிடத்தில் பிறப்பதே திருவாக்கு. அத்தகைய திருவாக்குகளைப் பன்னிரு திருமுறையாகப் பெற்ற பேறுடையோம் நாம். இவ்விழா நாளில் அவற்றை ஓதும் நம் நாவும், கேட்கும் செவியும், கூப்பும் கையும் தம் பயனை அடையுமாறு கூத்தப்பெருமான் திருவருள் முன்னிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.